முன்கதைச் சுருக்கம் அச்சிடாத தொடர்கதை

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. 27-வது வாரத்தில்தான் முதன்முதலாகப் புரட்டுகிறீர்கள் என்றாலும் குற்றமில்லை. தலைப்புக்குக் கீழே கட்டம் கட்டி 'முன்கதைச் சுருக்கம்' என்று பத்து வரி போட்டிருப்பார்கள். யாருக்கு யார் என்ன உறவு, யார் செத்தார், யார் ஓடிப்போனார் என்று தெரிந்துகொண்டு உள்ளே போய்விடலாம்.

வார்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டு வரிசை அந்தக் கட்டத்தை அச்சிட மறந்த தொடர்கதை. முதல் ஆட்டம் 1994, இரண்டாவது 1995, மூன்றாவது 2002. பின்னிரண்டுக்கும் ஒவ்வோர் இணைப்பு. பிறகு 2004 நவம்பர் 23-ல் தொடங்கி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், சுருக்கமாக வாவ். அதன் தலையில் பத்துக்கும் மேற்பட்ட எக்ஸ்பான்ஷன்கள், அதாவது கதை இணைப்புகள். நாவல், காமிக்ஸ், குறும்படம் எல்லாம் தனிக் கணக்கு. புதிதாக உள்ளே வருகிறவர் முன்னால் ஏதோ ஒரு பாத்திரம் வந்து நின்று, அவர் கேள்விப்படாத யாரையோ நினைத்து உருகும். அவருக்கு எஸ்கேப் பட்டனை அழுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

அதற்குப் பிறகு அவர் செய்வதுதான் பெரிய தவறு. சரி, முதலிலிருந்து ஆரம்பிப்போம் என்று படைப்புக் காலத்துக்குப் போவார். ஒளி, வெறுமை, டைட்டன்கள், பழந்தெய்வங்கள், ஐந்து டிராகன் குலங்கள் என்று பெயர்கள் கொட்டும். அதில் ஒருவர்கூட நாம் கவலைப்படும்படியான ஆள் இல்லை. மகாபாரதம் கேட்க வந்தவரை உட்காரவைத்துச் சந்திர வம்சத்தின் வம்சாவளியை ஒப்பிப்பது போன்றது இது. கூத்து பார்க்கிறவனுக்குச் சூதாட்டம் முதலில் வேண்டும். வம்சாவளி பிறகு தானாக ஒட்டிக்கொள்ளும்.

வார்கிராஃப்டின் சூதாட்டம் மூன்றாவது ஆட்டத்தில் இருக்கிறது. அங்கே தொடங்குங்கள்.

வார்கிராஃப்ட் 3-ன் மூலக் கேம்பெய்ன் நான்கு பகுதி. மனிதர்களுக்கு 9 மிஷன், நடைபிணங்களான அன்டெட் படைக்கு 8, வேற்றுலகிலிருந்து வந்த ஓர்க்குகளுக்கு 8, நைட் எல்ஃப்களுக்கு 7, ஆக 32. இவற்றுக்கு முன் ஓர்க் தலைவன் த்ராலை அறிமுகப்படுத்தும் சிறு முன்னுரை ஒன்று உண்டு. அதையும் விடாதீர்கள்; கனவில் வந்து எச்சரிக்கிற அந்த மர்மப் பறவை மனிதன் யார் என்பதுதான் நைட் எல்ஃப் பகுதியின் முடிச்சு. நான்கும் நான்கு தனிக் கதைகள் இல்லை. முதல் பகுதியில் நீங்கள் பாசத்தோடு நடத்திச் செல்லும் இளவரசனை இரண்டாம் பகுதியிலும் நீங்களே நடத்துகிறீர்கள், இந்த முறை அவன் சொந்த நாட்டை அழிப்பதற்கு. அதனால் வரிசை மாற்றாதீர்கள்.

இன்று கடையில் கிடைப்பது 2020 ஜனவரியில் வந்த ரீஃபோர்ஜ்டு பதிப்பு. வெளிவந்த நாளில் அதற்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. முன்கதைக்காக ஆடுபவரை அது பெரிதாகப் பாதிக்காது. புது கிராஃபிக்ஸ் கண்ணுக்கு உறுத்தினால் அமைப்புகளில் பழைய தோற்றத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். மரம் வெட்டுவதும் தங்கம் தோண்டுவதும் பிடிக்காதவர்களுக்கு ஒரு குறுக்குவழி: என்டர் தட்டி, ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் 'ஹூஸ்யுவர்டாடி' (whosyourdaddy) என்று எழுதி மறுபடி என்டர் தட்டினால் உங்கள் படைக்குச் சாவு இல்லை, ஒரே அடியில் எதிரி விழுவான். பணத்துக்கு 'கிரீடிஸ்குட்' (greedisgood). தூய்மைவாதிகள் திட்டுவார்கள். கதை கேட்க வந்தவர் கோட்டை கட்டுவதில் தோற்று மூன்றாவது மிஷனோடு எழுந்து போவதைவிட ஏமாற்றி ஆடி முடிப்பது மேல்.

ஆனால் ஒரு மிஷனை மட்டும் ஏமாற்றாமல் ஆடுங்கள். மனிதர் பகுதியின் ஆறாவது, பெயர் 'தி கல்லிங்', இடம் ஸ்ட்ராத்ஹோம் நகரம். நோய் கலந்த தானியம் ஊருக்குள் ஏற்கெனவே விநியோகமாகிவிட்டது. சாப்பிட்டவர்கள் செத்து, நடைபிணமாக எழுந்து எதிரியின் படையில் சேர்வார்கள். இளவரசன் ஆர்தஸ், அவர்கள் மாறுவதற்குள் ஊரையே கொன்றுவிடலாம் என்கிறான். குரு ஊதர் மறுக்கிறார். அவரைத் துரோகி என்று பதவி நீக்குகிறான். காதலித்த ஜெய்னாவும் பார்க்கச் சகிக்காமல் விலகிப் போகிறாள். பிறகு மேப் திறக்கிறது.

கணக்கு எளிது. மால்கானிஸ் என்ற அசுரன் 100 பேரைத் தன் பக்கம் சேர்ப்பதற்குள் நீங்கள் 100 பேரைக் கொல்ல வேண்டும். திரையின் மூலையில் இரண்டு எண்களும் ஏறிக்கொண்டே இருக்கும். வீட்டை இடித்தால் உள்ளேயிருந்து ஊர்க்காரர்கள் வெளியே வருவார்கள், கொஞ்ச நேரத்தில் பிணமாக மாறுவார்கள், வெட்ட வேண்டும். இங்கே தோற்பவர்கள் இரண்டு காரணத்தால் தோற்கிறார்கள். முதல் வகை, பெரிய படை கட்டிவிட்டுப் போகலாம் என்று முகாமிலேயே உட்கார்ந்திருப்பவர்கள். அதற்குள் எதிரியின் எண் ஐம்பதைத் தாண்டிவிடும். இரண்டாம் வகை, மால்கானிஸைத் துரத்துபவர்கள்; அவனை வீழ்த்தினாலும் கொஞ்சம் தாமதப்படுத்தலாமே தவிர, மறுபடி வந்து நிற்பான். வெல்லும் வழி, படையை இரண்டாகப் பிரித்து வீடு வீடாக வேகமாகப் போவது. அப்படி ஆடும்போதுதான் உறைக்கும்: எண்ணைத் துரத்துகிற அவசரத்தில், வெளியே வந்த ஆள் மாறிவிட்டானா இல்லையா என்று பார்ப்பதை நீங்கள் எப்போதோ நிறுத்திவிட்டிருப்பீர்கள். ஆர்தஸ் ஏன் அப்படிப் போனான் என்பதற்கு எந்த நாவலிலும் இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அங்கிருந்து கதை சறுக்குப் பாதைதான். ஃப்ராஸ்ட்மோர்ன் என்ற சபிக்கப்பட்ட வாள், அரியணையில் அப்பாவைக் கொல்வது, எல்ஃப்களின் தலைநகர் சில்வர்மூனின் அழிவு, அங்கே காவல் தலைவியாக இருந்த சில்வானஸைக் கொன்று பேயாக எழுப்புவது, புனித ஊற்றான சன்வெல்லைக் கெடுப்பது. அடுத்த இருபது ஆண்டு வாவ் கதையில் நீங்கள் சந்திக்கும் பகைகளில் பாதிக்கு வேர் இந்த மிஷன்களில் இருக்கிறது.

2003-ல் வந்த ஃப்ரோஸன் த்ரோன் இணைப்பில் நேரமில்லை என்றால் ஒரு பகுதியை மட்டும் ஆடலாம்: பிளட் எல்ஃப்களின் 6 மிஷன். வாவுக்குள் வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அழகும் படிப்புமாக இருக்கிற இந்த எல்ஃப்கள் எதற்கு ஓர்க்குகளோடு ஹோர்டு கட்சியில் இருக்கிறார்கள்? விடையின் தொடக்கம் இங்கே. ஊர் அழிந்து மிச்சம் இருந்த கொஞ்சம் பேரோடு இளவரசன் கேல்தஸ் மனிதர்களின் கூட்டணிக்குத்தான் உழைக்கிறான். அங்கே தளபதியாக இருக்கும் கரிதோஸ் அவனை மட்டம் தட்டுகிறான். படை கொடுக்காமல் வேலை மட்டும் ஏவுகிறான். வேறு வழியில்லாமல் கடல்வாசி நாகர்களிடம் உதவி வாங்கியதும் துரோகி என்று டலரான் சிறையில் போடுகிறான். சிறையுடைத்துக் கூட்டிப் போவதும் அந்த நாகர்களின் தலைவி வஷ்தான். கொண்டு சேர்க்கும் இடம், பாதி அசுரனாகிவிட்ட நைட் எல்ஃப் இல்லிடனின் முகாம். அவமானம் ஒருவனைக் கட்சி மாறவைப்பது நம் ஊர் அரசியல் பார்த்தவர்களுக்குப் புதிதா என்ன?

முதல் இரண்டு ஆட்டங்கள்? விட்டுவிடுங்கள். 2024 நவம்பர் 13-ல் இரண்டுக்கும் மெருகேற்றிய பதிப்பு வந்திருக்கிறது, ஆசைக்குத் திறந்து பார்க்கலாம். முதல் ஆட்டத்தில் பக்கத்துக்கு 12 மிஷன், இரண்டாவதில் 14, அதன் இணைப்பில் 12, மொத்தம் 76. அத்தனையும் ஆடிக் கிடைக்கும் கதை ஒரு தாளில் அடங்கிவிடும். ஒரு சிக்கலும் உண்டு: மனிதர் பக்கம் ஆடினால் மனிதர் வெல்வார்கள், ஓர்க் பக்கம் ஆடினால் ஓர்க்குகள் வெல்வார்கள். எது மெய்? முதல் போரில் ஓர்க்குகள் வென்றதும், இரண்டாம் போரில் மனிதர்கள் வென்றதும் மெய். மற்ற முடிவுகள் கணக்கில் இல்லை.

அந்த ஒரு தாள் இதுதான். மெடிவ் என்ற பெரும் மந்திரவாதிக்குள் சார்கெராஸ் என்ற டைட்டன், அதாவது கெட்டுப்போன தெய்வம், ஆவியாகக் குடியிருந்தான். அவன் தூண்ட, மெடிவும் ஓர்க் சூனியக்காரன் குல்டானும் இரண்டு உலகங்களுக்கு நடுவே டார்க் போர்டல் என்ற வாசலைத் திறந்தார்கள். அசுர ரத்தம் குடித்து வெறியேறியிருந்த ஓர்க்குகள் அதன் வழியே வந்து மனித நாடான ஸ்டார்ம்விண்டை எரித்தார்கள். அதன் மன்னன் லேனைக் கொன்றவள் பாதி ஓர்க்கான கரோனா. தப்பியவர்களைத் தளபதி லோதர் வடக்கே கூட்டிப் போய்க் கூட்டணி அமைத்தார். இரண்டாம் போரில் டூம்ஹாமர் ஓர்க்குகளை நடத்தினான். நடுவில் குல்டான் தன் ஆட்களோடு சார்கெராஸின் கல்லறையைத் தேடி ஓடிவிட்டதால் ஓர்க் படை பாதியாகித் தோற்றது. லோதர் பிளாக்ராக் மலையருகே செத்தார், அவருடைய துணைத் தளபதி துராலியன் போரை முடித்தார். பிறகு ஓர்க்குகளின் சொந்த உலகமான டிரேனாரில் நெர்சூல் என்ற ஓர்க் மந்திரவாதி ஒரே நேரத்தில் பல வாசல்களைத் திறந்து அந்த உலகத்தையே உடைத்தான். ஓடிப்போனவன் அசுரர்களிடம் மாட்டினான். அவர்கள் அவனைச் சித்திரவதை செய்து உருவாக்கியதுதான் அன்டெட் படையை ஆளும் லிச் கிங். தோற்ற ஓர்க்குகள் முகாம்களில் அடைபட்டார்கள். மனிதனிடம் அடிமையாக வளர்ந்த த்ரால் என்ற ஓர்க் அவர்களை மீட்டான். இவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு மூன்றாவது ஆட்டத்துக்குப் போங்கள்.

வாசல் திறந்த ஆண்டை 0 என்று வைத்தால் மூன்றாவது ஆட்டம் 20-ம் ஆண்டு, வாவின் தொடக்கம் 25. எந்தப் பக்கத்தில் எந்தத் தேதியைப் பார்த்தாலும் இந்த மூன்று எண்களை நினைவில் வைத்திருந்தால் திசை தவறாது. எல்ஃப்கள் அடிக்கடி புலம்புகிற அந்த மாபெரும் பழம்போர் இதற்கெல்லாம் 10,000 ஆண்டு முந்தையது.

இனி ஆதிகாலம். அதைப் பற்றி எச்சரிக்கை ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியில்தான் எழுதியவர்கள் தங்கள் எழுத்தையே அதிகம் அழித்திருக்கிறார்கள். மூன்றாவது ஆட்டத்தோடு வந்த கையேட்டில், எரெடார் என்ற அசுர இனத்தின் கொடுமையைக் கண்டு கண்டு மனம் பேதலித்துத்தான் சார்கெராஸ் கெட்டான். 2007-ல் வந்த வாவின் முதல் எக்ஸ்பான்ஷனான பர்னிங் க்ரூசேடில் கதை தலைகீழ்: எரெடார்கள் நல்லவர்கள், அவர்களைக் கெடுத்ததே சார்கெராஸ்தான், கெடாமல் தப்பியவர்களே டிரேனை இனம். அது தன் கவனக்குறைவால் நேர்ந்தது என்று தலைமைக் கதாசிரியர் கிறிஸ் மெட்சனே அப்போது ஒப்புக்கொண்டார். ஆகவே இரண்டு இடங்களில் இரண்டு விதமாகப் படித்தால் உங்கள் மூளையில் கோளாறு இல்லை. பின்னால் வந்ததே செல்லும் என்பது பொது விதி.

அந்த விதியிலும் ஓட்டை விழுந்தது. 2016 முதல் 2018 வரை குரோனிக்கிள் என்ற பெயரில் மூன்று தொகுதிகள் வந்தன, நான்காவது 2024-ல். முதல் மூன்றும் வந்தபோது, இனி இதுவே வேதம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். பிறகு, அந்த வரலாறு டைட்டன்களின் பார்வையில் எழுதப்பட்டது என்று சொல்லிவிட்டார்கள். அதாவது வென்றவன் எழுதிய கல்வெட்டு. படங்கள் அழகு, வரைபடங்கள் பயனுள்ளவை, இரண்டாம் தொகுதி போர்க்காலத்துக்கு நல்ல துணை. முதல் தொகுதியை மட்டும் கடைசியில் படியுங்கள், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் மனநிலையோடு. 2016-ல் வந்த திரைப்படத்தைப் பார்த்துக் கதை தெரிந்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது தனித் தொடர்ச்சி, ஆட்டங்களோடு ஒட்டாது.

வாவுக்குள் நுழையும்போது சிக்கலின் தன்மையே மாறுகிறது. இதுவரை இருந்தவை முடிந்த ஆட்டங்கள், எப்போது திறந்தாலும் அதே கதை. வாவ் ஒரே பலகையில் அழித்து அழித்து எழுதுவது. 2010 நவம்பரில் 4.0.3ஏ பேட்ச் என்ற புதுப்பிப்பு வந்தபோது பழைய இரண்டு கண்டங்களின் குவெஸ்டுகளில், அதாவது பாத்திரங்கள் நமக்குத் தரும் வேலைகளில், பெரும்பகுதி ஒரே நாளில் போய்விட்டது. அந்த இடத்தில் டெத்விங் என்ற டிராகன் உலகத்தைப் பிளந்த பிந்தைய கதை வந்தது. விளைவு என்ன? பழைய கண்டங்களில் நீங்கள் பார்ப்பது 2010-ன் கதை. அங்கிருந்து, உடைந்த டிரேனாரின் மிச்சமான அவுட்லாண்டுக்குப் போனால் அது 2007-ன் கதை. நார்த்ரெண்ட் கண்டத்துக்குப் போனால் 2008. போன வருடம் செத்தவன் இந்த வருடம் மிரட்டுகிறான். வெறுமனே மேப்பில் நடந்து போனால் கதை முன்னும் பின்னும் தாவும்.

இதைச் சமாளிக்க க்ரோமி என்ற பாத்திரம் இருக்கிறாள். பார்க்கக் குட்டிப் பெண், உண்மையில் காலம் காக்கும் வெண்கல டிராகன். லெவல் 10 ஆனதும், மனிதர் கட்சியான அலையன்ஸின் தலைநகர் ஸ்டார்ம்விண்டிலோ ஹோர்டின் தலைநகர் ஆர்கிரிமாரிலோ தூதரகத்துக்கு அருகில் நிற்கும் அவளிடம் பேசி, எந்த எக்ஸ்பான்ஷனின் காலத்துக்குப் போக வேண்டுமோ தேர்ந்தெடுக்கலாம். எதிரிகள் உங்கள் லெவலுக்கு ஏற்ப மாறிக்கொள்வார்கள். இங்கே வழக்கமாக நடக்கும் கோளாறு: லெவல் ஏறும் வேகம் இப்போது மிக அதிகம். நார்த்ரெண்டில் இரண்டாவது மண்டலத்தின் நடுவில் இருக்கும்போதே உச்சவரம்பைத் தொட்டுவிடுவீர்கள், க்ரோமி உங்களை நிகழ்காலத்துக்கு அனுப்பிவிடுவாள். குவெஸ்டுகள் அப்படியேதான் இருக்கும், தொடரலாம். ஆனால் எதிரிகள் தொட்டால் விழுவார்கள், சுவாரசியம் போய்விடும். மருந்து உண்டு. ஸ்டார்ம்விண்டில் பெஹ்ஸ்டன், ஆர்கிரிமாரில் ஸ்லாட்ஸ் என்று இருவர் இருக்கிறார்கள். 10 தங்கம் வாங்கிக்கொண்டு உங்கள் அனுபவப் புள்ளிகள் ஏறாமல் நிறுத்திவைப்பார்கள். பூட்டிவிட்டு நிதானமாகக் கதையை முடித்து, வேண்டும்போது மறுபடி திறந்துகொள்ளலாம்.

செலவு கணக்கு: லெவல் 20 வரை இலவசம். அதற்கு மேல் மாதச் சந்தா. ஆகப் புதிய எக்ஸ்பான்ஷனைத் தவிர மற்றவை எல்லாம் அந்தச் சந்தாவிலேயே அடக்கம். அதே சந்தாவில் 2019-ல் திறந்த கிளாசிக் சர்வர்களும் வரும். பிளவுக்கு முந்தைய பழைய உலகம் இன்று உயிரோடிருப்பது அங்கேதான். மந்திரி வேடத்தில் அரசவையில் உட்கார்ந்திருக்கும் டிராகனை, சிறையிலிருந்து மீட்ட மார்ஷல் விண்ட்சர் நகரின் நடுவே நடந்துபோய்ச் சபையில் அம்பலப்படுத்தும் குவெஸ்டை அங்கே ஆடலாம். அலையன்ஸ் பக்கத்துக்கு மட்டும். ஆனால் கிளாசிக்கில் அந்த லெவலுக்கு வர வாரக்கணக்கில் ஆகும். நடந்தே போவதில் சுகம் காண்பவராக இல்லாவிட்டால் அந்தக் காட்சியை வீடியோவில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

க்ரோமியைப் போலவே பயனுள்ள இன்னொருத்தி ஸிடோர்மி. அவளைப் பலர் கவனிப்பதே இல்லை. கதையில் எரிந்துபோன, இடிந்துபோன இடங்களின் ஓரத்தில் நிற்பாள். பேசினால் அந்த மண்டலத்தைப் பழைய நிலைக்கு மாற்றிக் காட்டுவாள். டார்க்ஷோரில் கேட்டால் எரிந்துபோன டெல்ட்ராசில் மரம் மறுபடி பச்சையாக நிற்கும். டிரிஸ்ஃபாலில் கேட்டால் அன்டெட்களின் தலைநகர் அண்டர்சிட்டி திரும்ப வரும். டஸ்ட்வாலோவில் கேட்டால் தெராமோர் நகரம். 'விக்கியில் இருக்கும் ஊர் என் மேப்பில் இல்லையே' என்று திணறுபவர்கள் முதலில் தேட வேண்டியது இவளைத்தான்.

கொஞ்சம் லெவல் ஏறிய பிறகு, பழைய வரலாற்றை ஆடியே பார்க்க ஒரு இடம் இருக்கிறது: டனாரிஸ் பாலைவனத்தின் காலக் குகைகள். ஒவ்வொரு டன்ஜனும், அதாவது சிறு குழுவாக நுழைந்து ஆடும் தனிக் களமும், கதையின் ஒரு நாள். இந்தக் கதைக்கு வேண்டிய நான்கையும் கால வரிசையில் ஆட வேண்டும் என்றால் பிளாக் மொராஸ் முதலில். மெடிவ் டார்க் போர்டலைத் திறக்கும் நாள் அது. அவனைத் தடுக்க எதிர்காலத்திலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. நீங்கள் காக்க வேண்டியது மெடிவை! 18 வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும். 6, 12, 18-ல் பெரிய எதிரிகள். உலகை அழிக்க வருகிறவர்களுக்கு நீங்களே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது விசித்திரமான உணர்வு. அடுத்து பழைய ஹில்ஸ்பிராட், த்ராலைச் சிறையிலிருந்து கூட்டி வருவது. பிறகு ஸ்ட்ராத்ஹோம். ஆம், அதே ஊர், அதே நாள், இந்த முறை ஆர்தஸின் பக்கத்தில் நடந்தபடி. கடைசியில் ஹைஜால் மலைப் போர், பெரிய குழுவுக்கான ரெய்டு, 5 பாஸ்கள், அதாவது பெரிய எதிரிகள். முதல் நான்கு பாஸ்களில் ஒவ்வொருவருக்கும் முன் 8 அலைகளாகப் படை வரும். தனியாக ஆடினால் அடிப்பதைவிடக் காத்திருப்பது அதிகம்.

இவற்றைக் குழுத் தேடலில் போட்டு அந்நியர்களோடு ஆடாதீர்கள். அவர்களுக்கு இது நூறாவது தடவை. நீங்கள் வசனம் கேட்க நின்றால் விட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். லெவல் ஏறியதும் தனியாகப் போங்கள். ஐஸ்கிரவுன் சிட்டடலையும் அப்படியே, லிச் கிங்காகவே மாறிவிட்ட ஆர்தஸின் கதை முடியும் இடம், 12 சண்டைகள். கடைசிச் சண்டையில் புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். லிச் கிங்கின் உயிர் 10 சதவீதத்துக்கு வந்ததும் அவன் ஒரே மந்திரத்தில் உங்களைக் கொன்றுவிடுவான். நீங்கள் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் தப்ப முடியாது. திரை நடுவில் 'ஆவியை விடு' என்ற பொருளில் ஒரு பட்டன் வரும். பழக்க தோஷத்தில் கை அங்கே போகும். தொடாதீர்கள். செத்துக் கிடங்கள். பனிக்கட்டியில் உறைந்து நிற்கும் நம் பக்கத் தலைவர் டிரியன் விடுபட்டு வந்து ஃப்ராஸ்ட்மோர்னை உடைப்பார். அதற்குள் அடைபட்டிருந்த ஆர்தஸின் அப்பா டெரனாஸ் ஆவியாக வந்து உங்களை எழுப்புவார். மூன்றாவது ஆட்டத்தை ஆடிவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் எங்கே போய்த் தைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டனை அழுத்தியவர்கள் அதைப் பார்க்காமல் மொத்தச் சண்டையையும் திரும்பப் போட வேண்டியதுதான்.

ஆட்டத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காத சில ஓட்டைகள் உண்டு. அவற்றை நாவலில் வைத்துவிட்டார்கள், இது நியாயமே இல்லை. டாரன்களின் தலைவன் கெய்ர்ன் மூன்றாவது ஆட்டத்திலிருந்து நமக்குத் தெரிந்தவர். 2010-ல் உள்ளே வந்தால் அவர் இல்லை, மகன் இருக்கிறான். ஓர்க் தலைவன் கரோஷோடு ஒற்றைக்கு ஒற்றை மோதிச் செத்தது 'தி ஷாட்டரிங்' நாவலில். பண்டாரியா எக்ஸ்பான்ஷனின் முடிவில் கரோஷைக் கைது செய்வார்கள். அடுத்த எக்ஸ்பான்ஷனில் அவன் வேறொரு காலத்தில் படை திரட்டிக்கொண்டிருப்பான். விசாரணையும் தப்பித்தலும் 2014-ல் வந்த 'வார் க்ரைம்ஸ்' நாவலில். இரண்டையும் எழுதியவர் கிறிஸ்டி கோல்டன். இந்த இரண்டு இடங்களில் ஏதோ குவெஸ்டைத் தவறவிட்டோம் என்று தேடி அலையாதீர்கள். அப்படி ஒன்று இல்லை. நாவல் முழுக்கப் படிக்க வேண்டியதும் இல்லை, விக்கியில் சுருக்கம் போதும்.

விக்கி என்றதும் ஒரு குறிப்பு. பழைய வவ்பீடியாவைத் தொகுத்தவர்கள் 2023-ல் வார்கிராஃப்ட் விக்கி என்ற தனித் தளத்துக்குப் போய்விட்டார்கள். தேடுபொறி இன்னும் பழைய வீட்டையே காட்டும். புதியதைத் தேடிப் போங்கள். ஒரு பாத்திரத்தின் பக்கத்தைத் திறந்தால் இரண்டு பகுதிகளில் உஷாராக இருங்கள். 'ஸ்பெகுலேஷன்' என்ற தலைப்பின் கீழ் இருப்பது ரசிகர்களின் ஊகம். 'இன் தி ஆர்பிஜி' என்ற தலைப்பின் கீழ் இருப்பது மேசை விளையாட்டுப் புத்தகங்களிலிருந்து எடுத்தது. அவை அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. விவாதங்களில் அடித்துச் சொல்லப்படும் தவறான தகவல்களில் நிறைய இந்த இரண்டாவது இடத்திலிருந்து வருபவை.

2025-ல் 11.1.7 பேட்சில் ஆட்டமே ஒரு முன்கதைச் சுருக்கத்தை அச்சிட்டது. பெயர் லோர்வாக்கிங், கதைசொல்லி சோ என்ற பாண்டா கையைப் பிடித்துப் பழைய காட்சிகளுக்குள் கூட்டிப் போவார். லிச் கிங்குக்கான பாதை மூன்றாவது ஆட்டத்தை ஆடியவருக்குத் தேவைப்படாது. ஸாலடாத்துக்கான பாதையைக் கட்டாயம் நடந்துவிடுங்கள். இப்போதைய வில்லியான அவள் 2016-ல் லீஜன் எக்ஸ்பான்ஷனில் ஒரு கத்தியாக அறிமுகமானவள், அதுவும் நிழல் வழிப் பூசாரிகளுக்கு மட்டும் கிடைத்த ஆயுதமாக. வேறு வகுப்பில் ஆடியவர்களுக்கே அப்போது அவளைத் தெரியாது.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லை என்பவர்களுக்கு வேறொரு முறை. உலகத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்வது. நல்ல தேர்வு வாரோக் சார்ஃபாங், கிழட்டு ஓர்க் போர்வீரர். நார்த்ரெண்டில் டிராகன்பிளைட் மண்டலத்தின் குவெஸ்டுகளை ராத்கேட் காட்சி வரை ஆடுங்கள். எந்தக் கட்சியில் இருந்தாலும் வரும். அங்கே அவர் மகன் டிரானோஷ் ஆர்தஸின் கையால் சாகிறான். அந்தக் காட்சிக்கு அடுத்து வந்த அண்டர்சிட்டிப் போர் 2010-ல் நீக்கப்பட்டுவிட்டது. அதனால் கதை அங்கே சட்டென்று அறுந்தது போலிருந்தால் காரணம் அதுதான். பிறகு ஐஸ்கிரவுனின் நான்காவது பாஸ்: லிச் கிங் எழுப்பி நிறுத்திய அதே மகன். இதை அலையன்ஸ் கேரக்டரில் ஆடுங்கள். சண்டை முடிந்ததும் அப்பா எதிரிக் கப்பலில் வந்து இறங்கி மகனின் உடலைக் கேட்பார். காவலுக்கு நிற்கும் குள்ளர் முராடின் முதலில் தடுத்து, பிறகு வழிவிடுவார். கிழவர் மகனைத் தூக்கிக்கொண்டு போவார். வெற்றிப் பொருளை எடுக்கும் அவசரத்தில் பெட்டியைக் கிளிக் செய்து உடனே வெளியேறினால் இதைத் தவறவிடுவீர்கள், அசையாமல் நில்லுங்கள்.

அதற்குப் பிறகு பேட்டில் ஃபார் அசெரோத் எக்ஸ்பான்ஷன் காலத்துக் குறும்படங்கள் நான்கு, இந்த வரிசையில்: 'ஓல்ட் சோல்ஜர்', 'லாஸ்ட் ஹானர்', 'சேஃப் ஹேவன்', 'ரெக்கனிங்'. முதலாவதைப் பார்ப்பதற்கு முன் டெல்ட்ராசில் எரியும் காட்சியைத் தேடிப் பார்த்துவிடுங்கள். அதை நடத்திய குவெஸ்டுகள் ஆட்டத்திலிருந்து போய்விட்டன, வீடியோ மட்டும் மிச்சம். கடைசிப் படத்தில் ஆர்கிரிமாரின் வாசலில் சார்ஃபாங்குக்கு எதிரே நிற்பவள் சில்வானஸ். அவள் யார், யார் அவளை அப்படி ஆக்கினது என்பதற்கு மூன்றாவது ஆட்டத்தின் அன்டெட் பகுதி, ஐந்தாவது மிஷன்.